டீ கிளாஸோடு நின்ற அப்பன்

தேவகுமாரி: …அப்பிடியே நின்னுட்டாருங்க எங்க மாஸ்டர். கையில தாளங் காட்டற குச்சி, வாயப் பொளந்துக்கிட்டு. முன்னூறு பேருங்க! படுதா எறங்கி, லைட்டெல்லாம் போட்டாச்சு. ஒருத்தராச்சும் எந்திரிக்கணுமே? ம்ஹூம்.

ஆரோக்கியதாஸ்: கால உள்ள இழுத்து வெச்சுக்க. அந்தக் கதவு சரியாச் சாத்தாது.

தேவகுமாரி: நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?

ஆரோக்கியதாஸ்: வளைவுல தொறந்துக்கும். அந்தக் கவுத்த இழுத்துக் கட்டிக்க. அதச் சொல்றேன்.

தேவகுமாரி: நாலு வருசங்கழிச்சு மொதத் தடவையா எங்கூடப் பேசறீங்க. அதுவும் ஜீப்புக் கதவப் பத்தி.

ஆரோக்கியதாஸ்: மண்டபத்து மொதலாளி ராஜேஸ்வரியம்மா சொன்னாங்க, 'தாசு, அந்தப் புள்ளயச் சேலம் ஜங்சன்ல எறக்கி உட்டுட்டு வாங்க'ன்னு. மண்டபத்துல சம்பளம் வாங்கறேன். சொன்னா செய்யோணும்.

தேவகுமாரி: ஆமாங்க. நீங்க மண்டபத்து மைக்கு செட்டு. நான் வெளியூர்ல இருந்து பாட வந்தவ. எங்காளுங்க வேன்ல எடமில்ல. அதனால ஜீப்பு. அவ்வளவுதான்.

ஆரோக்கியதாஸ்: அவ்வளவுதான்.

தேவகுமாரி: கவுத்தக் கட்டிட்டேங்க.

ஆரோக்கியதாஸ்: ரயிலு எத்தன மணிக்கு?

தேவகுமாரி: மூணே காலுக்கு.

ஆரோக்கியதாஸ்: பம்பாய் ரயிலா?

தேவகுமாரி: ஆமாங்க. அங்கிருந்து பிளேனு. எந்த ஊருக்குன்னு கேக்க மாட்டீங்களா?

ஆரோக்கியதாஸ்: இத்தாலி. ரெண்டு வருசம். உங்கம்மா சொன்னா.

தேவகுமாரி: அம்மா உங்ககூடப் பேசறாளா அப்ப?

ஆரோக்கியதாஸ்: அவ எங்க பேசறா! கோயில்ல சாமியார்கிட்டச் சொன்னா. நான் பக்கத்துல நின்னேன். எங்கூடன்னா, நாலு வருசமா சோத்துத் தட்டத் 'டொக்கு'ன்னு வெக்கறா. அந்தச் சத்தந்தான் எனக்கு ஊட்டுப் பேச்சு.

தேவகுமாரி: உங்களுக்கு நொம்பத்தான் வேணும்.

ஆரோக்கியதாஸ்: வேணும், வேணும். நீயும் சொல்லிக்க.

தேவகுமாரி: 'நர்சு படிப்ப உட்டுப்போட்டுப் பாட்டுத்தான் வேணும்னா, இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காத.' நீங்க சொன்னதுதானுங்க. உள்ள இருந்துக்கிட்டு, தாப்பாளப் போட்டுக்கிட்டு. நானும் மிதிக்கல. ஊருக்கு வந்து நாலு நாளும் லாட்ஜுலதான் இருந்தேன். அம்மா தூக்குப் போசியில கொழம்பு கொண்டாந்து குடுத்துட்டுப் போனா.

ஆரோக்கியதாஸ்: அந்த லாட்ஜு மாடியில இருந்து பாத்தா நம்மூடு தெரியுமே.

தேவகுமாரி: தெரிஞ்சுது. வாசல்ல லைட்டு எரிஞ்சுச்சு. நாலு நாளும் விடியற வெரைக்கும் எரிஞ்சுச்சு. ஏன் அணைக்கலீங்க?

ஆரோக்கியதாஸ்: சுவிச்சு கெட்டுப் போச்சு.

தேவகுமாரி: ஓ… ஏனுங்கப்பா, இந்தப் பக்கம் எதுக்குத் திருப்பறீங்க? சேலம் ரோடு அக்கட்டாலயல்ல?

ஆரோக்கியதாஸ்: அந்த ரோட்டுல மரம் உழுந்து கெடக்குது. குப்பனூர் வழியாத்தான் சுத்திக்கிட்டுப் போவோணும்.

தேவகுமாரி: மரமா? எப்ப உழுந்துச்சு?

ஆரோக்கியதாஸ்: காத்தால.

தேவகுமாரி: காத்தே அடிக்கலயேங்க.

ஆரோக்கியதாஸ்: மரத்துக்கு வயசாச்சு.

தேவகுமாரி: எங்க வேன் காத்தால அந்த வழியாத்தான போச்சு?

ஆரோக்கியதாஸ்: வேன் போனப்பறம் உழுந்துச்சு. வேன்னதும் ஞாபகம் வருது. எடமில்லன்னு சொன்னயே, பின்னால மூணு சீட்டு காலியாப் போச்சே? நான் பாத்தேனே?

தேவகுமாரி: அது… மூட்டை வெக்கறதுக்கு.

ஆரோக்கியதாஸ்: மூட்டையெல்லாம் மேல கட்டியிருந்துச்சு.

தேவகுமாரி: ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

ஆரோக்கியதாஸ்: பாத்துத்தான் ஓட்டறேன்.

தேவகுமாரி: சரி, பாட்டுப் பேச்சுக்கே வருவோம். இந்த சீசன்ல மண்டபத்துக்குக் கூட்டம் எப்பிடிங்க? எங்களுக்கு முன்னாடி எல்லாம்?

ஆரோக்கியதாஸ்: அந்தக் கதைய ஏன் கேக்கற! காபிக் கொட்ட வெச்சிருந்த குடோனு அது. சீமை ஓடு. அதுக்கு வெள்ளையடிச்சு, மேடை கட்டி, 'கோடைக் கலைவிழா'ன்னு ராஜேஸ்வரியம்மா போர்டு மாட்டிட்டாங்க. ஜனம் வரோணுமல்ல? ஞாயித்துக்கெழமயானா டிவிப் பொட்டியில படம் போடறான். மொத நாளு நாதஸ்வரம். அதுக்கு நூத்தம்பது பேரு. பரவாயில்ல. மறுநாளு பாம்பப் பத்திப் பேச ஒரு வாத்தியாரு. மனுசன் கையில ஒரு கூடையோட வந்து எறங்கினாரு பாரு, பஸ் ஸ்டாண்டுல பாத்தவன் போயிச் சொல்லி, கிளியூரே கௌம்பி வந்துருச்சு.

தேவகுமாரி: அய்யய்யோ. பாம்பா கூடையில?

ஆரோக்கியதாஸ்: தொறந்தா உள்ள படம் காட்டற மிசினு! செவுத்துல படம் காட்டிக்கிட்டே ரெண்டு மணி நேரம் பேசினாரு. பாதிச் சனம் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அப்பறம் வீணைக் கச்சேரி, அறுவது எழுவது பேரு. அதுக்கும் அப்பறம் ஒரு பேராசிரியரு, சொற்பொழிவு. பதினோரு பேரு.

தேவகுமாரி: பதினொண்ணா!

ஆரோக்கியதாஸ்: அதுலயும் அஞ்சு பேரு மழைக்கு ஒதுங்கினவங்க. ஒண்ணு நானு. அந்த மனுசன் காலிச் சேருங்களப் பாத்துக்கிட்டே பேசினாரு கண்ணு. மைக்கப் புடிச்சுக்கிட்டு நின்ன எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

தேவகுமாரி: …கண்ணுன்னு சொல்லிட்டீங்க.

ஆரோக்கியதாஸ்: வாயில வந்துருச்சு.

தேவகுமாரி: வரட்டும். அப்ப தமிழ்ல பேசினவருக்குப் பதினொண்ணு. இத்தாலிப் பாசையில பாடின எங்களுக்கு முன்னூறு.

ஆரோக்கியதாஸ்: ஜனங்களுக்கு ரசனை வளந்து போச்சு.

தேவகுமாரி: மூணே நாள்லயா?

ஆரோக்கியதாஸ்: வளர்றது எப்ப வளரும்னு ஆருக்குத் தெரியும்?

தேவகுமாரி: நீங்க மைக்குல என்னன்னு சொல்லிக் கூப்புட்டீங்க? சொல்லுங்க, கேப்போம்.

ஆரோக்கியதாஸ்: நோட்டீசுல இருந்ததத்தான். 'அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! நமது ஏற்காடு குடோன் மண்டபத்திலே, கோடைக் கலைவிழாவின் நிறைவு நாளாகிய இன்று மாலை, சரியாக ஆறு மணி அளவிலே… பேச்சே இல்லாத, முழுக்க முழுக்கப் பாட்டாலே நடக்கும் இத்தாலி தேசத்து ஓபரா என்னும் இசை நாடகம்…'

தேவகுமாரி: அப்பறம்?

ஆரோக்கியதாஸ்: அவ்வளவுதான். 'அனைவரும் வருக.'

தேவகுமாரி: அதுக்கா கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு வந்தாங்க? மாஸ்டர் கண்ணத் தொடச்சுக்கிட்டாருங்க. 'மெட்ராஸுல கடைசி சீனுக்கு முன்னாடியே காரு சாவியத் தேடுவாங்க, இந்த மலையில முடிஞ்சப்பறமும் போவ மாட்டேங்கறாங்க'ன்னு. அந்தப் பாட்ட மறுக்கா ரெண்டு தடவ பாட வெச்சாரு. அப்பவும் போவல. எனக்கு ஒண்ணும் புரியல.

ஆரோக்கியதாஸ்: நல்லாப் பாடினா இருப்பாங்க.

தேவகுமாரி: நல்லாப் பாடினேனா?

ஆரோக்கியதாஸ்: …ஜனம் சொல்லிக்கிச்சு.

தேவகுமாரி: ஜனம் சொல்லிக்கிச்சு! நீங்க மேடையில, படுதா ஓரமா, பத்தடி தள்ளி மைக்கோட நின்னீங்க. நீங்க என்ன சொல்லிக்கிட்டீங்க?

ஆரோக்கியதாஸ்: நான் படுதா எறங்கறப்பல்லாம் கதய வெளக்கிச் சொன்னேன். உனக்கு… கேட்டுச்சா?

தேவகுமாரி: எங்கீங்க, நான் உள்ள மேக்கப் போட்டுக்கிட்டிருந்தேன். ஒண்ணுமே கேக்கல.

ஆரோக்கியதாஸ்: கேக்கலயா? நல்லது… கேக்காட்டி நல்லது.

தேவகுமாரி: அப்பா, முன்னால ஒரு பொம்பள கையக் காட்டுது. நிறுத்துங்க.

ஆரோக்கியதாஸ்: நேரமாவுது. உனக்கு மூணே காலுக்கு ரயிலு.

தேவகுமாரி: பாயெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்குது, பாவம். நிறுத்துங்கப்பா.

ஆரோக்கியதாஸ்: பாயா?… சேசுவே.

குப்பாயி: ஏனுங்ண்ணா, கொட்டச்சேட்டு வெரைக்கும் ஏத்திக்கிறீங்ளா… அட, மைக்கு செட்டுக்காரரு! நல்லதாப் போச்சு. உங்களத்தானுங்க நேத்துல இருந்து தேடறேன்!

ஆரோக்கியதாஸ்: ஏறும்மா, ஏறு. பேசாம உக்காரு, ரோடு மோசமாக் கெடக்குது.

குப்பாயி: ரோடு அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க, வாய் எம் பாட்டுக்குப் பேசும். பாப்பா ஆருங்க?

ஆரோக்கியதாஸ்: அது… சேலம் போறாங்க.

தேவகுமாரி: டூரிஸ்டுங்க. உங்க பேரு?

குப்பாயி: குப்பாயிங்க. எஸ்டேட்டுல களையெடுக்கறேன்.

தேவகுமாரி: பாயும் போர்வையுமா எங்க போயிட்டு வர்றீங்க?

குப்பாயி: கூத்துக்குப் போயிருந்தேன் கண்ணு! நேத்து நடந்துச்சல்ல, ஏற்காட்டுல? அங்க எங்க அக்கா ஊட்ல படுத்துட்டு இப்பத்தான் வாரேன்.

தேவகுமாரி: கூத்தா? ஓபரான்னுல்ல நோட்டீசு ஒட்டியிருந்துச்சு?

குப்பாயி: அது என்ன ராவோ எங்களுக்குத் தெரியாதுங்க. இந்தண்ணன் ஜீப்புல வந்து எப்பிடிக் கூவினாரு தெரியுமா? 'விடிய விடியக் கூத்து! சீமையில இருந்து வந்த கூத்து! பாயோட வாங்க, புள்ள குட்டியோட வாங்க! பாதியில எந்திரிச்சுப் போறவங்களுக்கு மீதிக் கத தெரியாம ஏழு நாளைக்குத் தூக்கம் வராது!'

ஆரோக்கியதாஸ்: ஏழு நாளுன்னு நான் சொல்லல.

தேவகுமாரி: மிச்சமெல்லாம் சொன்னீங்களா?

குப்பாயி: சொன்னாருங்க! கிளியூர்லயும் சொன்னாரு, தலைச்சோலையிலயும் சொன்னாரு. எஸ்டேட்டு லாரியில எங்கூர்ல இருந்து மட்டும் இருவத்தெட்டுப் பேரு. பாயி, போர்வ, கட்டுச்சோறு. போயி உக்காந்தா ஒம்பது மணிக்கு மூடிட்டாங்க! ஏனுங்ண்ணா, ஒம்பது மணிக்கு எங்கியாச்சும் விடியுமா? கட்டுச்சோத்த அவுக்கக்கூட இல்ல.

தேவகுமாரி: அப்ப உங்களுக்கு ஏமாத்தமாப் போச்சு.

குப்பாயி: அதான் இல்ல கண்ணு. மொதல்ல ஒண்ணும் புரியல. சும்மா கத்தறாங்க, கையத் தூக்கறாங்க, மறுபடி கத்தறாங்க. 'என்னடி இது, சாமி வந்திருக்குதா'ன்னு நான் பக்கத்துல இருந்தவளக் கேட்டேன். அப்பறம் இந்தண்ணன் வந்தாரு பாரு! நம்ம கூத்துல கட்டியங்காரன் வந்து இது ராசா, இது மந்திரின்னு வெளக்கஞ் சொல்லுவானல்ல, அதாட்டம் படுதா ஓரத்துல நின்னுக்கிட்டுக் கத சொன்னாரு. அப்பறம் ஒருத்தரு அசையோணுமே!

ஆரோக்கியதாஸ்: கொட்டச்சேடு வந்துருச்சாம்மா?

குப்பாயி: இன்னும் ரெண்டு மைலு கெடக்குதுங்க.

தேவகுமாரி: நான் அந்த நாடகத்தப் பாக்கலீங்க. என்ன கத அது?

ஆரோக்கியதாஸ்: சாதாரணக் கததான். அவங்க நாட்டுக் கத.

குப்பாயி: எந்த நாட்டுக் கதயா இருந்தா என்னங்க, அப்பன் அப்பன்தான? கேளு கண்ணு. மலைமேல ஒரு அப்பங்காரன். ஒத்தப் புள்ள. ஊசி போடற படிப்புப் படிக்கட்டும்னு கடன ஒடன வாங்கி அனுப்பி வெக்கறான். அது பாதியில உட்டுப்போட்டு, பாட்டுத்தான் படிப்பேன்னு வந்து நிக்குது. பொழுது மசங்கற நேரம். மழ. கதவத் தட்டுது. இவன் தாப்பாளப் போட்டுக்கிட்டு, மிதிக்காத போன்னுட்டான். பாவி.

ஆரோக்கியதாஸ்: பாவின்னு நான் சொல்லலியே.

குப்பாயி: நீங்க சொல்லல. நாங்க சொன்னோம். பொம்பளைங்க பக்கம் பூரா அவன வெஞ்சு தீத்துட்டோம்.

தேவகுமாரி: நல்லா வெஞ்சீங்களா?

குப்பாயி: வாயில வராததெல்லாம் வந்துச்சு. ஆனா மீதியக் கேளு. அஞ்சு நிமிசங்கூட அவனுக்குப் பொறுக்கல. தாப்பாள எடுத்துட்டு, டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு ஓடறான். கால்ல செருப்பில்ல. மழையில, பஸ் ஸ்டாண்டு வெரைக்கும். போயிப் பாத்தா கடைசி பஸ்ஸு கௌம்பிருச்சு. பின்னாலயே ஓடறான், பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே, மொத வளைவு வெரைக்கும் ஓடறான். டிரைவருக்குக் கேக்கல. கண்ணாடி பூரா மழ. அந்தப் புள்ளயும் திரும்பிப் பாக்கல.

தேவகுமாரி: திரும்பிப் பாத்திருக்கலாமுங்க.

குப்பாயி: ஏங் கண்ணு, கண்ணக் கசக்கற? எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு.

தேவகுமாரி: இல்லீங்க. ரோட்டுத் தூசி.

குப்பாயி: அன்னையில இருந்து அந்த ஊட்டுக்குத் தாப்பாளே போடறதில்லயாம். வாசல் லைட்டையும் அணைக்கறதில்லயாம். என்னைக்காச்சும் வந்தா இருட்டுல தடுக்கி உழுந்துரக்கூடாதுன்னு. இதச் சொல்லறப்ப இந்தண்ணனுக்கே குரலு கம்மிப் போச்சு. மைக்கு ரிப்பேருன்னாரு.

ஆரோக்கியதாஸ்: ரிப்பேருதான்.

தேவகுமாரி: உங்களுக்கு எல்லாமே ரிப்பேருதானுங்க. சுவிச்சுக்கூட.

குப்பாயி: ஏனுங்க?

தேவகுமாரி: ஒண்ணுமில்லீங்க. சொல்லுங்க. அப்பறம் அந்தப் புள்ள?

குப்பாயி: அது வெள்ளக் கவுனு போட்டுக்கிட்டு, சாகக் கெடக்குது கட்டில்ல. சீக்காளிக்கு அம்புட்டுச் சத்தம் எங்கிருந்துதான் வருதோ தெரியல, ஓடெல்லாம் அதிருது!

தேவகுமாரி: அப்பிடித்தானுங்க பாடணும் அது.

குப்பாயி: பாக்கலன்ன?

தேவகுமாரி: கேள்விப்பட்டேங்க.

குப்பாயி: 'அப்பா, நான் வந்துட்டேன், கதவத் தொறங்க'ன்னு பாடப் போவுது, கேளுங்கன்னு இந்தண்ணன் முன்கூட்டியே சொல்லிட்டாரு. பாடுது, பாடுது. நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. சரியா அந்நேரத்துக்கு மேடையில கதவும் தொறந்துச்சு. பாத்தா, கதவுக்குப் பின்னால ஒரு ஆளு டீ கிளாசோட நிக்கறான்!

ஆரோக்கியதாஸ்: லைட்டுக்கார மாதேஸ்வரன். அவன் எதுக்கு அங்க நின்னானோ, கதவு எதுக்குத் தொறந்துச்சோ, எனக்கு இன்னும் புரியல.

குப்பாயி: எங்களுக்கு மாதேஸ்வரன்னு தெரியுமா, மண்ணாங்கட்டின்னு தெரியுமா? 'அப்பன் வந்துட்டான்டியோ!'ன்னு மண்டபமே எந்திரிச்சுக் கை தட்டுது. அவன் மெரண்டுபோயி கிளாசக் கீழ போட்டுட்டு ஓடிட்டான்! இந்தப் புள்ள தடால்னு உழுந்துருச்சு. படுதாவ எறக்கிட்டாங்க. இது நாயமாங்க? புள்ள சாகாதுன்னு இந்தண்ணன் எங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காரு!

தேவகுமாரி: அதனாலதான் ஆருமே எந்திரிக்கலயா?

குப்பாயி: எப்பிடி எந்திரிக்கறது? ஓடின அப்பன் திரும்பி வரோணும், புள்ள கண்ணு முழிக்கோணும், ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து ஒரு வார்த்த பேசோணும். அப்பறந்தான கத முடியும்? நாங்க பாய விரிச்சுப் போட்டு உக்காந்துட்டோம். ஒரு குச்சிக்காரரு வந்து கும்புட்டாரு. புள்ள எந்திரிச்சு வந்து மறுக்காப் பாடுச்சு. அப்பன் வரல. இன்னொருக்காவும் பாடுச்சு. அப்பவும் வரல. அப்பறம் வாட்சுமேன் வந்து சேரத் தூக்கிட்டான். எங்கூட்டுக்காரரு, 'அந்தப் பய வந்திருப்பான், நம்மதான் அவசரப்பட்டுட்டம்'னு பொலம்பிக்கிட்டே லாரி ஏறினாரு.

ஆரோக்கியதாஸ்: கொட்டச்சேடு வந்துருச்சும்மா. எறங்கிக்க.

குப்பாயி: எறங்கறேனுங்க. இந்தா கண்ணு, ஒரு பொட்டணம் வெச்சுக்க. புளிச்சோறு, கெடாது. நேத்தைக்குக் கட்டினது, அவுக்காம அப்பிடியே இருக்குது. வழியில தின்னு. ஏனுங்ண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க.

ஆரோக்கியதாஸ்: என்னம்மா?

குப்பாயி: அந்தக் கடைசி சீன எப்பங்க காட்டுவீங்க?

ஆரோக்கியதாஸ்: …காட்டுவாங்கம்மா.

குப்பாயி: மறக்காம ஜீப்புல வந்து சொல்லிப்போடுங்க. மறுக்காப் பாயோட வாறோம்.

தேவகுமாரி: வண்டிய எடுக்கலியா?

ஆரோக்கியதாஸ்: எடுக்கறேன். சித்த நேரம்.

தேவகுமாரி: கால்ல செருப்பில்லாமயா ஓடுனீங்க?

ஆரோக்கியதாஸ்: தேடறதுக்கு நேரமில்ல.

தேவகுமாரி: மொத வளைவு வெரைக்குமா?

ஆரோக்கியதாஸ்: அதுக்கு மேல மூச்சு வரல. அங்கயே ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். ஊட்டுக்கு வந்தா உங்கம்மா கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னா. என்னையும் பாத்தா, எங் காலையும் பாத்தா. ரத்தம் வந்துக்கிட்டிருந்துச்சு. ஒண்ணுங் கேக்கல. அன்னைக்குப் பேச்ச நிறுத்தினவதான்.

தேவகுமாரி: எங்கிட்ட இத ஏங்கப்பா சொல்லல? நாலு வருசம். ஒரு கடுதாசி போட்டிருக்கலாமல்ல?

ஆரோக்கியதாஸ்: எந்த அட்ரசுக்கு? அது உங்கம்மாகிட்ட இருந்துச்சு. கேட்டா தட்டு 'டொக்கு'ங்குது.

தேவகுமாரி: சாமியார்கிட்டச் சொல்லி உட்டிருக்கலாம்.

ஆரோக்கியதாஸ்: அவரு ஞாயித்துக்கெழம பூசையில பிரசங்கத்துல சொல்லிப்போடுவாரு. ஊருக்கே தெரிஞ்சுரும்.

தேவகுமாரி: அதனால முன்னூறு பேத்துக்கிட்ட மைக்குல சொன்னீங்களாக்கும்!

ஆரோக்கியதாஸ்: …சிரிக்காத. நான் ஒண்ணும் திட்டம் போட்டுச் சொல்லல கண்ணு. உங்க மாஸ்டரு கதய இங்கிலீசுல நாலு பக்கம் டைப் அடிச்சு ராஜேஸ்வரியம்மாகிட்டக் குடுத்தாரு. அவங்களுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு, 'தாசு, நீங்களே படிச்சுச் சொல்லீருங்க'ன்னு எங் கையில குடுத்துட்டாங்க. எனக்கு மொத வரியிலயே இங்கிலீசு தீந்து போச்சு. மேடைக்குப் போனா அத்தன ஜனமும் எம் மூஞ்சியப் பாக்குது. என்னமோ ஒரு கத சொல்லோணும். எனக்குத் தெரிஞ்சது ஒரே கததான்.

தேவகுமாரி: அத எங்கிட்ட நேராச் சொல்ல வரலியா?

ஆரோக்கியதாஸ்: மைக்கு கையில இருந்தா எனக்குப் பேச்சு வருது. வெறுங்கையோட உம் முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்குது. என்ன பண்ணச் சொல்ற?

தேவகுமாரி: கூத்துன்னு பொய் சொன்னது?

ஆரோக்கியதாஸ்: அந்தப் பேராசிரியரு காலிச் சேருங்ககிட்டப் பேசினாருன்னு சொன்னேனல்ல? அன்னைக்கு நோட்டீசத் திருப்பிப் பாக்கறேன், கடைசி நாளுன்னு போட்டு உம் பேரு அச்சடிச்சிருக்குது. எம் புள்ள ஊருக்கு வந்து காலிச் சேரப் பாத்துப் பாடறதா? பொய்தான, சொல்லிட்டுச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல எறக்கி வெச்சுக்கலாம்னு கௌம்பிட்டேன். எட்டு ஊரு. தொண்ட போச்சு.

தேவகுமாரி: அப்ப அவங்க எம் பாட்டுக்காக இருக்கல. உங்க கதைக்குத்தான் இருந்தாங்க.

ஆரோக்கியதாஸ்: அப்பிடிச் சொல்லாத சாமி. கூத்துன்னு வந்தாங்க, கதைக்கு உக்காந்தாங்க, எல்லாம் நெசந்தான். ஆனா மூணாந் தடவ நீ பாடினப்ப நான் மைக்க அணைச்சுட்டேனே? ஒரு வார்த்த சொல்லல. மண்டபத்துல ஒரு கொழந்த அழுவல. மைக்கு இல்லாம, இந்தச் சின்ன ஒடம்புல இருந்து, கடைசி வரிச வெரைக்கும் போவுது குரலு. இருவத்தஞ்சு வருசமா நான் மைக்கு கட்டிப் பொழைக்கறேன். எம் புள்ளைக்கு மைக்கே வேண்டாம்னு நேத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீ நல்லாப் பாடின. ஜனம் சொல்லல. நான் சொல்றேன்.

தேவகுமாரி: …மறுக்கா சொல்லுங்க.

ஆரோக்கியதாஸ்: நீ நல்லாப் பாடின கண்ணு. அன்னைக்கு நான் பண்ணினது தப்பு.

தேவகுமாரி: அப்பா…

ஆரோக்கியதாஸ்: அழுவாத. அந்தப் பொட்டணத்தப் பிரி. ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு வாய் திம்போம்.

தேவகுமாரி: இந்தாங்க. உப்பு கொஞ்சம் எச்சா இருக்குது.

ஆரோக்கியதாஸ்: இருக்கட்டும். அது சரி, அந்தக் கடைசிப் பாட்டுல நெசமாவே என்னதான் பாடற நீ?

தேவகுமாரி: நெசக் கதையில அப்பனே கெடையாதுங்க. ஒரு சிப்பாய். இவளக் கை உட்டுட்டுப் போயிட்டு, இவ சாகக் கெடக்கறப்ப வந்து கதவத் தட்டறான். 'தொறக்காதீங்க, எனக்கு இனி ஆரும் வேண்டாம், கதவத் தொறக்காதீங்க'ன்னு வேலைக்காரிகிட்டப் பாடிக்கிட்டே செத்துப் போயிருவா.

ஆரோக்கியதாஸ்: தொறக்காதீங்கன்னா? அட மாதாவே! நான் தொறங்கன்னல்ல சொன்னேன்! கதயவே கவுத்துட்டனே… இரு, இரு. அப்பறம் எப்பிடி அந்தக் கதவு தொறந்துச்சு?

தேவகுமாரி: மாஸ்டரும் அதத்தான் கேட்டாரு. காத்தால வேன்ல ஏறறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் திட்டினாரு.

ஆரோக்கியதாஸ்: அந்த வேலைக்காரி வேசம் போட்ட புள்ளயவா?

தேவகுமாரி: என்னைய.

ஆரோக்கியதாஸ்: உன்னைய எதுக்கு?

தேவகுமாரி: படுதாவுக்குப் பின்னால நின்னா மைக்குல பேசறது நல்லாவே கேக்கும்ங்கப்பா.

ஆரோக்கியதாஸ்: …மேக்கப் போட்டுக்கிட்டிருந்தேன், ஒண்ணுங் கேக்கலன்னு சொன்னயே?

தேவகுமாரி: நீங்க மரம் உழுந்துச்சுன்னீங்க.

ஆரோக்கியதாஸ்: அப்ப எல்லாங் கேட்டுச்சா?

தேவகுமாரி: ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். டார்ச் லைட்டு, மழ, தாப்பாளு, எல்லாம். அப்பறம் படுதா ஏறிருச்சு. அந்த எடம் வந்துச்சு. தொறக்காதீங்கன்னு பாடணும். எனக்கு வாய் வரல. அவங்க பாசையில 'தொறங்க, கதவத் தொறங்க'ன்னு பாடிட்டேன். வேலைக்காரிப் புள்ள பாவம், தொறங்கன்னா தொறந்துட்டா. அங்க மாதேஸ்வரண்ணன் நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு.

ஆரோக்கியதாஸ்: எனக்காகவா பாடின?

தேவகுமாரி: பின்ன மாதேஸ்வரண்ணனுக்கா?… அப்பா, அழறீங்களா?

ஆரோக்கியதாஸ்: புளிச்சோத்துல மொளகா.

தேவகுமாரி: அப்பிடியே வெச்சுக்குவோம். சொல்லுங்க, மரம் நெசமாவே உழுந்துச்சா?

ஆரோக்கியதாஸ்: ஒரு கெளகூட உழுவல. அந்த ரோட்டுல போனா ஒரு மணி நேரத்துல சேலம் வந்துரும். எனக்கு ஒரு மணி நேரம் பத்தாது கண்ணு.

தேவகுமாரி: அம்மா இப்ப ஊட்ல என்ன பண்ணிக்கிட்டிருப்பா?

ஆரோக்கியதாஸ்: கறிக்கொழம்பு வெச்சிருக்கா. காத்தால நான் கௌம்பறப்ப அம்மிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஆர்கிட்டயோ சொல்றாப்புல சொன்னா, 'மூணு பேத்துக்கு அரைச்சாச்சு, மூணாவது ஆளு வர்றது வராதது ஒருத்தரு கையில இருக்குது'ன்னு. நாலு வருசத்துல அதான் மொதப் பேச்சு.

தேவகுமாரி: அப்ப வண்டியத் திருப்புங்க.

ஆரோக்கியதாஸ்: திருப்பறதா! மணி பன்னெண்டே முக்காலு கண்ணு. இங்கயே இம்புட்டு நேரம் போயிருச்சு. ஏற்காட்டுக்குப் போயி, சாப்புட்டு, அப்பறம் சேலத்துக்கு எறங்கினா ரயிலு போயே போயிரும். மறுக்கா ஒரு வண்டிக்குப் பின்னால ஓடறதுக்கு எனக்குத் தெம்பில்ல. மூணே காலுக்குத்தான ரயிலுன்ன?

தேவகுமாரி: நாளைக்கு மூணே காலுக்குங்கப்பா.